சம்பளமில்லாத ‘நமது நிருபர்’

பஞ்சநாதனுக்கு அந்தக் கார்டு வந்தது 1955 மார்ச்சில். நெல்லித்தோப்பில் குடியிருந்துகொண்டு பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஆள் அவன். புதுச்சேரியில் வாரா வாரம் பந்தாட்டம் நடக்கிறது, சென்னைப் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லையே என்று ஆத்திரப்பட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தான். பதில் கார்டில் மூன்றே வரி. ‘தாங்களே செய்தி அனுப்பலாம். இப்போதைக்குச் சன்மானம் கிடையாது. பின்னர் கவனிக்கப்படும்.’

நடு வரியை மறந்துவிட்டு, கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு ஏழு வருஷம் அலைந்தான் பஞ்சநாதன்.

காலை ஷிப்டு முடிந்து இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டக்கூட நேரமில்லாமல் சைக்கிளை மிதிப்பான். கால்பந்து, வாலிபால், சைக்கிள் பந்தயம், சடுகுடு, எதையும் விட்டதில்லை. தவளக்குப்பம் தாண்டியும் போய் வந்திருக்கிறான். மைதானத்தில் அவனைப் பத்திரிகைக்காரன் என்று யாரும் மதித்ததில்லை. போட்டி நடத்தும் சங்கத்தின் செயலாளர் ஆதிமூலம் மட்டும் தேடி வருவார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், குமாஸ்தாவாக இருந்தவர், யாரையும் பிரெஞ்சு மரியாதைப்படி ‘முசே’ போட்டுத்தான் கூப்பிடுவார்.

“முசே பஞ்சநாதன், கோல் போட்டவன் பேரு கெடக்கட்டும். மாலை போட்டது யாரு, கோப்பை குடுத்தது யாரு, வரவேற்புக் கமிட்டி பதினெட்டு பேரு, இதெல்லாம் கண்டிப்பா வரணும்.”

“ஆடனவங்க பேரு வேணாமா?”

“அவங்க அடுத்த வாரமும் ஆடுவாங்க. கமிட்டி வருஷத்துக்கு ஒருக்காதானே!”

இரண்டு பக்கம் எழுதி அனுப்புவான். நாலாம் நாள் இரண்டு வரி வரும், மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டு.

“அந்த நமது நிருபரு நீங்கதான்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள் மனைவி சொர்ணம். அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

1958இல் வந்ததுதான் பெரிய கூத்து. கால்பந்து இறுதி ஆட்டத்தில் வாணரப்பேட்டை அணி ஜெயித்தது. செய்தி மறுநாளே வரவேண்டும் என்று கைக்காசைப் போட்டுத் தந்தி கொடுத்தான். தந்திக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் கொடுப்பான். அதில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் ஒரே எழுத்து. காலையில் பத்திரிகையைப் பிரித்தால், ‘வானரப்பேட்டை அணி வெற்றி’. அதோடு விட்டார்களா? ‘பெயருக்கேற்ப வீரர்கள் மைதானமெங்கும் தாவித் தாவி ஆடினர்’ என்று எவனோ ஒரு புண்ணியவான் வேறு சேர்த்திருந்தான்.

மத்தியானம் ஆலை வாசலில் நாலு பேரோடு நின்றிருந்தான் கண்ணையன், அந்த அணியின் கோல்கீப்பர்.

“நாங்க என்னாய்யா கொரங்கா? எங்கம்மா பேப்பரக் குடுத்துப் படிச்சிக் காட்டச் சொல்லுது. நான் எப்பிடிய்யா படிப்பேன்?”

“தாவினதெல்லாம் நான் எழுதல கண்ணையா. நீ ரெண்டு பெனால்ட்டி புடிச்சத எழுதியிருந்தேன்.”

“அது எங்க?”

“வெட்டிட்டானுங்க.”

கண்ணையன் நம்பவில்லை. பஞ்சநாதன் திருத்தம் கேட்டு மூன்று கடிதம் போட்டான். பதினேழு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. ஊர்ப் பெயர் சரியாக இருந்தது. ஆனால் வாணரப்பேட்டை அணி தோற்றதாகப் போட்டிருந்தார்கள்.

அன்றோடு பேனாவை மூடி வைத்தான். மூன்று மாதம் எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணையனே வீடு தேடி வந்தான்.

“ஏன்யா ஆட்டத்துக்கு வரல?”

“அடி வாங்கவா?”

“போன வாரம் காரைக்கால் டீம அஞ்சு கோல் போட்டு அனுப்பிச்சோம். நேர்ல பாத்தவனத் தவிர ஒருத்தனுக்கும் தெரியல. நீ தப்பாவாவது எழுதுய்யா.”

திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல், மறு வாரம் சைக்கிளை எடுத்தான்.

1961இல் சென்னையில் தட்சிணாமூர்த்தி என்றொரு புதுத் துணையாசிரியர் வந்தார். வெளியூர்ப் பக்கம் ஐந்து மணிக்கு முடிந்துவிடும், ஆகவே இறுதி ஆட்டத்தின் முடிவைப் பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பவும் என்று எழுதினார். ‘ஆட்டம் தொடங்குவதே நாலு மணிக்கு’ என்று பதில் போட்டான் பஞ்சநாதன். ‘மற்றப் பத்திரிகை நிருபர்கள் அனுப்புகிறார்களே’ என்று வந்தது மறு கடிதம். படித்துவிட்டு அதைச் சுக்குநூறாகக் கிழித்தான்.

இறுதி ஆட்டத்தன்று மூன்றரை மணிக்கு, மூங்கில் கட்டிப் போட்டிருந்த காலரி கூட்டம் தாங்காமல் மடமடவென்று சரிந்தது. பந்து உதைக்க நின்றவர்கள் ஓடிவந்து மூங்கிலைத் தூக்கினார்கள். கால் முறிந்த ஒரு பெரியவரைக் கண்ணையன் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். உயிர்ச்சேதம் இல்லை, ஆட்டமும் இல்லை. அடிபட்டவர்கள் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நாலேகாலுக்குத் தந்தி ஆபீசில் நின்றான் பஞ்சநாதன்.

மறுநாள் அவன் அனுப்பிய காலரிச் செய்தி வந்தது; இன்னொரு பத்திரிகையிலோ, நடக்காத அந்த ஆட்டம் மூன்றுக்கு ஒன்று என்று முடிந்ததாகவும், கடைசி நிமிஷத்தில் அபாரமான கோல் விழுந்ததாகவும் வந்திருந்தது. ஊரே கைதட்டிச் சிரித்தது.

பத்து நாளில் தட்சிணாமூர்த்தியின் கடிதம் வந்தது. பஞ்சநாதனைப் பகுதிநேர நிருபராக, மாதச் சம்பளத்தில், எடுத்துக்கொள்கிறார்களாம். இந்தியப் பிரஜை என்பதற்கு அத்தாட்சி மட்டும் அனுப்ப வேண்டுமாம். சர்க்கார் ஆபீசுக்கு ஓடினான். அங்கே இருந்த எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சட்டப்படி நீ இன்னும் பிரான்சுதான்யா.”

“அம்பத்தி நாலுலியே கொடிய எறக்கிட்டாங்களே!”

“கொடி எறங்கிடுச்சி, காயிதம் எறங்கல. ரெண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்த பாரிசுல ஒத்துக்கணும்.”

இதைப் பத்திரிகைக்கு எழுதினான். ‘அதுவரை வழக்கம்போல் சன்மானமின்றிச் செய்தி அனுப்பிவரவும்’ என்று பதில் வந்தது. அதை வீட்டில் படித்துக் காட்டினான். சொர்ணம் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். அவளுக்கும் கோபம்தான்.

1962 ஆகஸ்டில் பாரிஸ் ஒத்துக்கொண்டு காகிதமும் இறங்கியது. அத்தாட்சியை அனுப்பிவிட்டுச் செப்டம்பரில், ஆலை வேலையை விடாமலே, சம்பள நிருபரானான். உப்பளத்தில் நடந்த சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஆறு பத்தி எழுதினான். முதல் தடவையாக ‘பஞ்சநாதன்’ என்று பேர் போட்டு வந்தது. நாலு பத்திதான் இருந்தது. வெட்டுப்பட்ட இரண்டு பத்தியையும் சொர்ணத்துக்கு ஒப்பித்துக்கொண்டே அன்று சோறு தின்றான்.