இங்கிலீஷில் பொய் வராது

பூட்டைத் திறந்த கையோடு புரோக்கரம்மா உள்ளே போய்விட மாட்டார். வாசலிலேயே நின்று செருப்பை உதறிவிட்டு, காலி வீட்டுக்குள் ஒரு "ஹலோ" போடுவார். அது சுவரில் மோதித் திரும்பி வந்தால்தான் அவருக்குத் திருப்தி. "கேட்டியா, யாரோ பெரிய ஆபீசர் பேசுற மாதிரி இல்ல என் குரல்?" என்பார். பின்னால் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோழி, "ஆபீசர் கொஞ்சம் நகர்ந்தா நான் உள்ள வருவேன்" என்பார். அவர்களுடைய ஆங்கில வகுப்பு இப்படித்தான் ஆரம்பமாகும். வாத்தியார் கிடையாது, மாணவிகள் இருவர் மட்டும். நேரம், மதியச் சாப்பாட்டு வேளை. வகுப்பறை, அந்த வாரம் எந்த வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிறதோ அந்த வீடு.

புரோக்கரம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. குடியிருக்க வீடு தேடுகிறவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது தொழில். கட்டை குட்டையான உருவம், வேக நடை, பையில் எப்போதும் கலகலக்கும் சாவிக்கொத்து. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் புரோக்கரம்மாதான். கட்டிய கணவரே மறந்துபோய் இரண்டொரு தடவை அப்படிக் கூப்பிட்டு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்ள நேர்ந்திருக்கிறது.

அவர் தமிழில் வீடு காட்டுவதைக் கேட்க வேண்டும். வெளிச்சமே வராத அறை அவர் வாயில் 'கண்ணுக்குக் குளிர்ச்சி'. ஜன்னல் வைக்க மறந்த அறை, 'ஒரு பொட்டுத் தூசி வராதுங்க'. பக்கத்தில் இரும்புப் பட்டறை இருந்தால், 'எந்நேரமும் ஆள் நடமாட்டம், திருடன் எட்டிப் பார்ப்பானா?'. ரயில் பாதையை ஒட்டின வீடு என்றால் கடிகாரம் வாங்கும் செலவு மிச்சம். வாய் கூசாமல் இப்படி அளந்துவிட்டு, வீடு பார்க்க வந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏமாற்றுக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கோபம் வந்துவிடும். "பொய்யா சொல்றேன்? வீட்டுக்குக் கொஞ்சம் பவுடர் போடுறேன். நீங்க போட்டோவுக்கு நிக்கும்போது போட்டுக்கறதில்ல?" என்று கேட்பார்.

தோழி வேலை பார்ப்பது மருந்துக்கடையில். ஒல்லி, நெட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. பேச்சு நறுக்கென்று இருக்கும், சில சமயம் கசக்கும். அதனால் புரோக்கரம்மா அவருக்கு வைத்த பெயர் மாத்திரை. சிறு வயதிலிருந்து பழகியவர்கள் ஒன்றும் இல்லை. தலைவலிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், "பேச்சைக் குறைச்சா தலைவலி வராது" என்று மாத்திரை சொன்னாராம். புரோக்கரம்மா சண்டைக்குப் போனார். சண்டை நட்பாகிவிட்டது. சிலருக்கு அப்படித்தான் அமையும்.

இருவருக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது, வேறு வேறு காரணத்துக்காக. வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் புரோக்கரம்மாவிடம் வீடு கேட்டிருந்தார்கள். அவர் கையாலும் காலாலும் பேசி, குளியலறையின் அருமையை நடித்தே காட்டினார். அவர்கள் சிரித்துத் தலையாட்டிவிட்டு, ஆங்கிலம் பேசத் தெரிந்த இன்னொரு புரோக்கரிடம் போய்விட்டார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மாத்திரைக்கோ மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். "தினம் நூறு பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன், உள்ள என்ன மிரட்டியிருக்கான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்பது அவர் கட்சி.

வகுப்புக்குச் சட்டம் உண்டு. முதலில் அவரவர் காலையிலிருந்து பட்ட பாட்டை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் புத்தகம். நடுவில் தமிழில் வாய் திறந்தவர் இரண்டு டப்பாவையும் கழுவ வேண்டும்.

மாத்திரையின் ஆங்கிலம் முழுக்க மருந்துக் காகிதத்திலிருந்து வந்தது. கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால், "மை ஹஸ்பண்ட். ஆஃப்டர் ஃபுட், ஸ்லீப். சைடு எஃபெக்ட், சவுண்ட்" என்பார். கடை முதலாளியைப் பற்றிக் கேட்டால், "கீப் அவே ஃப்ரம் சில்ட்ரன்." வீட்டில் சண்டை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "ட்வைஸ் எ டே" என்று பதில் வந்தது. புரோக்கரம்மா சிரித்துச் சிரித்து வாயிலிருந்த சோற்றைத் துப்பிவிட்டார். பிறகு தரையைத் துடைத்ததும் அவர்தான், ஏனென்றால் மறுநாள் அந்த வீட்டைக் காட்ட வேண்டியிருந்தது.

புத்தகம் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. காலி செய்துகொண்டு போனவர்கள் விட்டுப்போனது. அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டதால், அதற்கு என்ன பெயர், யார் எழுதியது எதுவும் தெரியாது. ஒரு பெரிய மாளிகை, அதில் இரண்டு சகோதரிகள், மாடியறையில் யாரோ செத்துக் கிடக்கிறார். ஆளுக்குக் கால் பக்கம் உரக்கப் படித்து, அகராதியைப் புரட்டி, நகத்தைக் கடித்து முன்னேறுகிறார்கள். கொன்றது யார் என்று தெரியாமல் மாத்திரைக்குத் தூக்கம் வராது. புரோக்கரம்மாவின் கவலையே வேறு. மாளிகையில் மொத்தம் எத்தனை அறை, தண்ணீர் வசதி எப்படி, இனிமேல் அதற்கு யார் குடிவருவார்கள். "மாடியில பிணம்னு தெரிஞ்சா போச்சு. இந்த வீட்டை நான் ஒரு வருஷம் ஆனாலும் தள்ள முடியாது" என்று தமிழில் புலம்பி டப்பா கழுவியிருக்கிறார்.

புரோக்கரம்மாவின் ஆங்கிலத்தில் இருக்கும் விசேஷத்தை மாத்திரைதான் கண்டுபிடித்தார். ஒருநாள் காலையில் ஒரு வீட்டை 'ராஜா வீடு' என்று யாரிடமோ தூக்கிப் பேசிவிட்டு, மதியம் அதே வீட்டில் வகுப்புக்கு உட்கார்ந்தார் புரோக்கரம்மா. "ஹவ் இஸ் திஸ் ஹவுஸ்?" என்று பாடத்துக்காகக் கேட்டார் மாத்திரை. புரோக்கரம்மா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஹவுஸ் ஸ்மால். கிச்சன் டார்க். ஓனர், ஆங்ரி மேன்." சொல்லி முடித்துவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனார். பூசி மெழுகுவதற்கு நிறைய வார்த்தை வேண்டும். அவரிடம் இருந்ததெல்லாம் சின்னது, பெரியது, நல்லது, கெட்டது என்கிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு உண்மையைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்?

அதிலிருந்து மாத்திரைக்கு நல்ல வசதி. புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்றார் ஒருமுறை. "உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குடி!" என்றார் புரோக்கரம்மா. "இன் இங்கிலீஷ்?" புரோக்கரம்மா தயங்கினார். "ஓல்ட் லேடி." மாத்திரை அன்றைக்கே போய் ஃபிரேமை மாற்றிக்கொண்டார்.

இது விளையாட்டாக இருந்த வரைக்கும் ஒரு வம்பும் இல்லை. மாத்திரை குடியிருக்கும் வீட்டை, உரிமையாளர் தன் மகனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மாத்திரையின் கணவர் பல வருஷம் லாரி ஓட்டியவர். முட்டி இரண்டும் தேய்ந்து, இப்போது வாசற்படி ஏறுவதற்கே சுவரைப் பிடிக்கிறார். "உனக்குப் பார்க்காம நான் யாருக்குடி வீடு பார்ப்பேன்? கவலைய விடு" என்றார் புரோக்கரம்மா. மாத்திரை கவலையை விட்டுவிட்டார். வீடு விஷயத்தில் ஊரே அலையும்போது தனக்கு மட்டும் வீடு பார்த்துத் தர ஒரு ஆள் இருக்கிறாள் என்கிற தெம்பு.

புரோக்கரம்மா பார்த்து வைத்தது தன் வீட்டுக்கு நேர் பின்னால், மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அன்றைய வகுப்பும் அங்கேதான். மாத்திரை மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார். புரோக்கரம்மா பின்னாலேயே வந்தார், வாய் ஓயாமல்.

"காத்து பார்த்தியா, ஃபேனே வேண்டாம். என் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு கூப்பிட்டா உனக்குக் கேட்கும். உப்பு இல்ல, சர்க்கரை இல்லன்னு ஓட வேண்டாம்."

"எல்லாம் சரிதான். அவர் முட்டி?"

"ஏறி இறங்கினா முட்டி தானா சரியாயிடும். நடக்கணும்னுதானே டாக்டருங்களும் சொல்றாங்க?"

"மருந்துக்கடைக்காரிகிட்டயே வைத்தியமா?" என்று சிரித்தார் மாத்திரை. ஆனால் களைத்திருந்தார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஓனர்கிட்டப் பேசிடு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. டப்பாவைத் திறந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் வகுப்பு ஆரம்பமாகிவிட்டதென்று காட்ட, மாத்திரை தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.

"ஹவ் இஸ் திஸ் ஹவுஸ்?"

புரோக்கரம்மா வாயைத் திறந்தார். 'குட்' வரவில்லை.

"அதான் சொன்னேனே, அருமையான வீடு" என்றார்.

"தமிழ்!" என்று விரல் நீட்டினார் மாத்திரை. "எழுந்திரு, டப்பாவைக் கழுவு."

தப்பித்த நிம்மதியோடு புரோக்கரம்மா இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திருகினார். அது இருமியது. மறுபடி திருகினார். அடித்தொண்டையில் ஒரு உறுமல், பிறகு அதுவும் இல்லை. மூன்றாவது மாடிக்கு மதியத்தில் தண்ணீர் ஏறாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் எப்படியோ மறந்து தொலைத்திருந்தார். எச்சில் டப்பாக்களோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். கூடத்தில் மாத்திரை புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தைத் தேடி, எதையோ முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது கேட்டது. தன்னை நம்பி ஒருத்தி நிம்மதியாகக் கதை படிக்கிறாள் என்று நினைத்ததும் புரோக்கரம்மா டப்பாக்களை அப்படியே மேடையில் வைத்தார்.

வாசற்காலில் வந்து நின்றார்.

"வாட்டர் நோ" என்றார்.

மாத்திரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டெப்ஸ் மெனி. யுவர் ஹஸ்பண்ட் கம் அப் ஒன் டைம். நோ கோ டவுன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "ஐ ஹேவ் அனதர் ஹவுஸ். கிரவுண்ட் ஃப்ளோர். வாட்டர் குட். ஓனர் குட். வெரி குட் ஹவுஸ். ஐ நோ டெல் யூ."

"வொய்?"

"ஃபார்."

அந்த வீடு ஊரின் அந்தக் கோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை உண்டு, வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதுகூட புரோக்கரம்மாவுக்குத் தெரியும். அதையும் சொன்னார். "தேர், மெடிக்கல் ஷாப். யூ கோ தேர். லஞ்ச் டைம், யூ நோ கம்." கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐ திங்க் ஒன்லி மீ. ஐ பேட்" என்றார்.

மாத்திரை புத்தகத்தை மூடினார். அவருக்கு வந்த கோபத்துக்கு மருந்துக் காகிதத்து ஆங்கிலம் போதவில்லை.

"அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, எங்கடி போவோம், எங்கடி போவோம்னு கேட்டுக்கிட்டே கிடக்கிறார். நான், அவ பார்த்துக்குவா, தூங்குங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா சாவிய பைக்குள்ளயே வச்சுக்கிட்டு எனக்கு மாடிக்காத்து காட்டுற!"

மாத்திரை விறுவிறுவென்று எழுந்து, தோள்பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். பை வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பையின் வாரைப் புரோக்கரம்மா இடது கையால் கெட்டியாகப் பிடித்திருந்தார். வலது கையில் போன், காதில்.

"நான்தாங்க பேசுறேன். அந்தக் கீழ்வீட்டுக்கு ஆள் இருக்காங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர். அவருக்கு முட்டி வலி, மெதுவாத்தான் நடப்பார். அந்தம்மா கொஞ்சம் கடுகடுன்னு பேசும், கோபம் வந்தா கத்தும், இப்பக்கூடக் கத்திக்கிட்டுதான் இருக்குது. ஆனா உங்க வீட்டைத் தன் வீடு மாதிரி வச்சுக்கும். இல்லைங்க, இது புரோக்கர் பேச்சு இல்லைங்க. சத்தியமா இல்லைங்க. வேற யாருக்கும் காட்டிடாதீங்க. இன்னிக்கே கூட்டிட்டு வரேன்."

போனைக் கீழே இறக்கினார். பேசி முடித்தாகிவிட்டது, வீடு கிடைத்த மாதிரிதான். வாரைப் பிடித்திருந்த கையை மட்டும் அவர் விடவில்லை.