சித்தாளுக்கு ஒரு சட்டை

ஒன்பது வருஷமாகத் திரிப்போ என்னைச் சித்தாள் என்றே சொல்லி வந்தான். முவோ கிராமத்தில் அவன் கட்டும் வீட்டைப் பற்றி யார் கேட்டாலும், "கொத்தனார் மாஷோ, அவர்கூட நான், அப்புறம் ஒரு சித்தாள்" என்பான். அந்தச் சித்தாள் நான்தான். முவோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கோட்டோர் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷமாகக் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவன். நான் கயிற்றை மாட்டினால்தான் அவன் கரையில் கால் வைக்க முடியும். அதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வராது.

இத்தனைக்கும் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன். அப்படி நின்றவனை நாங்கள் 'கூம்' என்போம். கூடப் பிறந்தவனோடுகூடச் சண்டை போடலாம், கூமோடு கூடாது. அதனால்தான் ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திரிப்போ உல்லாசக் கப்பலில் சலவைக்காரன். பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், மூவாயிரம் பேர் துடைத்துப் போட்ட துண்டுகளைத் துவைத்து மடிக்கிறான். அவன் போகாத துறைமுகம் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. சட்டைக் காலரை மோந்து பார்த்தே ஆள் எந்த ஊர் வெயிலில் சுற்றினான் என்று சொல்லுவான். நான் நம்பியதில்லை. கல்யாணம் ஏன் பண்ணவில்லை என்று கேட்டால், "கப்பல்ல பொண்ணு அமையல, கரையில நேரம் அமையல" என்பான்.

நிலநடுக்கத்தில் அவன் அப்பாவின் வீடு விழுந்தபோது அவனுக்குப் பத்து வயது. அம்மா அப்பாவோடு எங்கெங்கோ வாடகைக்கு இருந்தான். அந்த இடிந்த கல்லையே அடுக்கி அதே இடத்தில் வீடு கட்ட வேண்டும் என்று நாற்பத்தைந்து வயதில் தோன்றியிருக்கிறது. அதற்கும் விடுப்பு எடுக்கவில்லை. எங்கள் ஊருக்கு மே முதல் அக்டோபர் வரை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை அவன் கப்பல் வரும். ஏழு மணி நேரம் நிற்கும். பயணிகள் கோட்டைப் படி ஏறி, மூச்சு வாங்கி, ஐஸ்கிரீம் தின்று, பூனையைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் அந்த ஏழு மணி நேரத்தில் அவன் வீடு கட்டினான். நானும் காலையில் கயிறு கட்டிவிட்டு ஓய்வெடுக்கப் போகாமல் சுண்ணாம்பு குழைத்தேன். அவன் கடலில் இருந்த வாரங்களில் வடக்குச் சுவரை ஒற்றை ஆளாக நான் எழுப்பினேன். வந்து பார்த்தான். "கொஞ்சம் கோணல்" என்றான். அவ்வளவுதான்.

போன அக்டோபர் கடைசி வியாழன். அன்றைக்குப் போனால் மே மாதம்தான் கப்பல் திரும்பும். சுவரெல்லாம் முடிந்து, கூரைக்கு முகட்டு விட்டம் ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. மழை தொடங்கினால் எங்கள் மலையடியில் வாரக்கணக்கில் கொட்டும். விட்டம் ஏறாவிட்டால் திறந்த சுவர் குளிர்காலம் முழுக்க நனைந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விட்டம் ஏற்றும் நாளில் வீட்டுக்காரனும் அக்கம்பக்கத்தாரும் புதுச் சட்டை கொண்டுவந்து முகட்டில் ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். வேலை செய்த கொத்தனார்களுக்கு அது. சித்தாளுக்குக் கிடையாது.

பத்து மணிக்கு வரவேண்டிய மரம் பன்னிரண்டாகியும் வரவில்லை. பக்கத்து வீட்டு லூத்சே வறுத்த மீனை மூன்றாம் தடவை மூடி வைத்தாள். மாஷோவும் அவர் தம்பியும் சுவர்மேல் உட்கார்ந்து திராட்சைச் சாராயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தார்கள். லாரிக்காரன் போனில் கத்தினான். கோட்டோருக்குள் நுழையும் முக்கில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டானாம்.

"எந்தக் கப்பல் பஸ்ஸாம்?" என்றாள் லூத்சே.

"வேற எது? இவன் கப்பல்தான்" என்றேன்.

"அவங்க துண்டைத் துவைச்சது போதாதுன்னு இப்ப ரோட்டையும் அடைச்சிட்டாங்களா?" என்று அவள் திரிப்போவைப் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. மூன்றரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். தவறினால் வேலை போகும். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மாஷோ அண்ணே, நான் போனப்புறம் நீங்களே ஏத்திடுங்க" என்றான்.

"நான் ஏத்த மாட்டேன். வீட்டுக்காரன் கீழ நிக்காம விட்டம் ஏத்தினா அதை எவன் வீடுன்னு சொல்றது? அறுபத்தெட்டு வயசுல எனக்கு அந்தக் கெட்ட பேரு வேண்டாம்."

"மழை வந்தா?"

"நனையட்டும்."

திரிப்போ படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். துண்டு மடிப்பதுபோல முழங்கால்மேல் கையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "எழுந்திருடா. ரோடு அடைச்சா கடலும் அடைச்சிருச்சா?" என்றேன்.

கயிறு இழுக்கும் துறைமுகப் படகு என் பொறுப்பு. சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருக்கிறது. எடுத்தேன். அந்த முக்குக்குப் பக்கத்தில், சந்தைக்கு எதிரே கரையில் லாரிக்காரனை ஒதுங்கி நிற்கச் சொல்லி, ஆறு மீட்டர் மரத்தை நாலு பேராகப் படகில் இறக்கினோம். முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருந்தது. ஆடாமல் இருக்கத் திரிப்போவை அதன்மேல் உட்கார வைத்தேன். கரையிலிருந்த பயணிகள் கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

"கையை ஆட்டுடா, நீ துவைச்ச சட்டைதான் போட்டிருக்காங்க" என்றேன்.

"அந்த நீலச் சட்டையில காபிக் கறை இருந்துச்சு. போயிருச்சு பாரு" என்றான் அவன், பெருமையாக.

அப்போது பார்த்துத் துறைமுக அதிகாரி கரையில் வந்து நின்றார். "நிக்‌ஷா! அது என்னய்யா?"

"மரம் மிதந்து வந்துச்சு, தலைவரே. கப்பல்ல மோதிடக் கூடாதுன்னு அப்புறப்படுத்துறேன்."

"மேல ஒரு ஆள் உக்காந்திருக்கான்?"

"அவனும் மிதந்து வந்தவன்தான்."

 அவர் கோட்டைச் சுவரில் ஏதோ புதிதாக முளைத்ததுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் முவோ. படியில் மரத்தைத் தூக்கும்போது என் தோள் பிய்ந்தது. இரண்டே முக்காலுக்கு விட்டம் உட்கார்ந்தது. மாஷோ சுத்தியலால் தட்டிப் பார்த்து, "ஆச்சு" என்றார். லூத்சே அழுதாள், பிறகு மீன் ஆறிப்போயிற்று என்று எல்லோரையும் திட்டினாள். திரிப்போ அண்ணாந்து பார்த்தபடி நின்றான். வாயில் ரொட்டியை வைத்தவன் மென்று தின்ன மறந்துவிட்டான்.

பையிலிருந்து கப்பலில் தேய்த்த புதுச் சட்டைகளை எடுத்து மாஷோவின் தம்பியிடம் கொடுத்தான். மூன்று வெள்ளைச் சட்டைகள். முகட்டில் ஆணியடித்ததும் காற்றில் உப்பிக்கொண்டன. மாஷோவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. மூன்றாவது லாரிக்காரனுக்குப் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் என்ன செய்தான்? பேருந்துக்குப் பின்னால் நின்றான். 

படகிலேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டேன். மூன்று இருபத்தைந்து. வேலையாட்கள் ஏறும் வாசல் கப்பலின் வயிற்றில், துறைமுகக் கரைக்குச் சமமாகத் தாழ்வாக இருக்கும். உள்ளே போனவன், நாலு மணிக்குக் கதவு மூடும்முன் திரும்ப வந்து எட்டிப் பார்த்தான். நான் கடைசிக் கயிற்றுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன்.

"பத்து நிமிஷம் மேல்தளத்துக்குப் போக அனுமதி வாங்கியாச்சு. முவோவைத் தாண்டும்போது வீட்டைப் பாத்துருவேன்" என்றான்.

"பாரு, பாரு. நல்லாப் பாரு."

"கூமே, மூணாவது சட்டை ஒன்னோடது. காலருக்குள்ள சலவை மையில பேர் போட்டிருக்கேன்."

 "சித்தாளுக்குச் சட்டை உண்டா?" என்றேன்.

"வடக்குச் சுவரைச் சித்தாள் கட்டுவானாடா? கோணல்தான். ஆனா கட்டினவன் நீ."

மேலிருந்து கயிற்றை விடச் சொல்லி விசில் அடித்தார்கள். கயிற்று வளையத்தைக் கரைத் தூணிலிருந்து கழற்றினேன். கப்பல் நகர ஆரம்பித்தது. கதவை மூட வந்தவனை ஒரு கையால் தடுத்துக்கொண்டு திரிப்போ கத்தினான்:

"டேய், ஒண்ணே ஒண்ணு! அந்தச் சட்டையைப் போடு, அழுக்காக்கு, என்ன வேணா பண்ணு. ஆனா நீ துவைக்காதே! பாழாக்கிருவே. அப்படியே சுருட்டி வை. மே மாசம் நான் வந்து வாங்கிக்கிறேன்!"