நீலம் தோய்ந்த மேய்ப்பு நாய்

இதனை எழுதி வைக்க வேண்டிய தேவை அண்மையில்தான் நேர்ந்தது. நாய்க் காட்சிகளுக்குப் போய்வருவோர் கூடுமிடங்களில் ஒரு கதை உலவுகிறது. அம்பத்தூர்ப் பெண்மணி ஒருவர் தம் நாய்க்குச் சாயம் பூசிச் சாம்பியன் பட்டம் பெற்றார் என்பது கதை. நடுவரும் அதற்கு உடந்தை என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த நடுவர் நான். கதை முழுவதும் பொய்யன்று, முழுவதும் மெய்யுமன்று. என்னைப் பற்றிய பேச்சை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் அப்பெண்மணி தமக்காகப் பேச இக்கூட்டங்களுக்கு வருபவர் அல்லர். ஆதலால் கண்டதைக் கண்டவாறு குறிக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பூந்தமல்லியில் குடியிருந்து, கல்லூரியொன்றில் விலங்கியல் கற்பித்து வந்தேன். மார்கழி முதல் மாசி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்க் காட்சிகளில் நடுவராக இருப்பேன். மற்ற மாதங்களின் வெயில் நாய்களுக்கும் ஆகாது, நடுவர்களுக்கும் ஆகாது.

ஸ்பிட்ஸ் எனப்படும் குலத்து நாய்களை மேற்குப் புறநகரில் அறியாதார் இல்லை. கூர்ந்த முகம், நிமிர்ந்த செவி, அடர்ந்த மயிர், முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால். ஆவடிக் குடியிருப்புகளில் தெருவுக்கு இரண்டு இருக்கும். எல்லாவற்றையும் பாமரேனியன் என்றே அழைப்பார்கள். இக்குலத்திலேயே மேய்ப்புத் தொழிலுக்குரிய பெரிய இனங்கள் சில உண்டு. வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில் துருவமான் மந்தைகளை வளைத்து ஓட்டிய சமோயெட் அவற்றுள் ஒன்று. நம் பாமரேனியன்கள் நான்கைச் சேர்த்து உருட்டினாற்போன்ற உடல் அதற்கு. சென்னையில் அக்காலத்தில் அவ்வினத்து நாய்கள் மிகச் சிலவே இருந்தன. இவ்வெப்பத்தில் அவற்றை வளர்ப்பது சரியா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நடுவரிடம் அதை யாரும் கேட்பதில்லை.

மேய்ப்பு நாயை மதிப்பிடுகையில் அழகை இறுதியில் பார்ப்பது என் முறை. நாள் முழுவதும் மந்தையைச் சுற்றி ஓட வல்ல உடலா என்பதே முதற் கேள்வி. தோள் சாய்ந்திருக்கிறதா, விலா ஆழமாக இருக்கிறதா, விரல்களுக்கிடையே பனியில் வழுக்காதபடி மயிர் வளர்ந்திருக்கிறதா என்று கைகளால் தடவி அறிய வேண்டும். மயிர் இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளடுக்கு பஞ்சு போன்றது. வெளியடுக்கு விறைப்பாக நிமிர்ந்து நிற்பது. அந்த விறைப்பு இயற்கையானதா என்று தெரிய வேண்டும். அதனால்தான் மயிரின் நிறத்தையோ தன்மையையோ மாற்றும் பொருள் எதுவும் நாயின்மேல் இருத்தல் கூடாது என்று விதி வகுத்திருந்தார்கள். இருந்தால் அந்நாயை வளையத்திலிருந்து வெளியேற்றிவிட வேண்டும்.

அன்றைய காட்சி அம்பத்தூரில் ஒரு பள்ளித் திடலில் நடந்தது. மூங்கில் நட்டுக் கயிறு கட்டிய நான்கு வளையங்கள். என் வளையத்தில் எனக்கு உதவியாக, நாய்களை வரிசைப்படி அழைத்து நிறுத்தும் ஸ்டூவர்டு ஒருவர் இருந்தார். பூந்தமல்லியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறை இரைச்சலில் பேசிப் பழகிய குரல்; ஒலிபெருக்கி வேண்டியதில்லை.

ஆண் சமோயெட்கள் இரண்டே வந்திருந்தன. ஒன்று நகரத்துச் செல்வர் ஒருவருடையது. அதனைக் கூலிக்கு நாய் நடத்திக் காட்டும் தொழிலர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். மற்றொன்றை அதன் உரிமையாளரான பெண்மணியே பிடித்து வந்தார். நாற்பது வயதிருக்கும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, காலில் கான்வாசு காலணி அணிந்திருந்தார். கயிற்றுக்கு வெளியே அவர் கணவர், ஐஸ் பாளம் சுற்றிய கோணிப்பையோடு நின்றிருந்தார். தம் முறை வரும் வரை நாயை அக்கோணியின் மேல் படுக்க வைத்திருந்தார்கள்.

கயிற்றோரம் நின்ற இளைஞர்களுக்கு இவ்வினம் புதிது.

"இன்னாபா, பாமரேனியன் பூரி மாதிரி உப்பிக்கினு கீது?"

"அது நாய் இல்ல மாமே, பனிக்கரடி. பத்திரமா தள்ளி நில்லு."

"கரடின்னா உன்னியப் பாத்ததும் சொந்தம்னு ஓடி வந்துருக்குமே!"

ஸ்டூவர்டு என் காதருகே குனிந்து, மெதுவாகச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, "சார், அந்தம்மா நாய்க்கு ஏற்கெனவே ரெண்டு சர்ட்டிபிகேட் கீது. இன்னிக்கு ஒண்ணு உழுந்தா சாம்பியன். அதுக்கும் வயசு ஆயிட்டே போவுது" என்றார்.

மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் முதன்மைச் சான்றிதழ் பெற்ற நாய்க்கே சாம்பியன் பட்டம் உரியது. அப்பெண்மணிக்கு அன்று வேண்டியிருந்தது அந்த மூன்றாவது. நடுவருக்கு இது தெரியக் கூடாது.

"இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"சொல்லலன்னு வச்சுக்கோங்க சார்" என்று தள்ளி நின்றுகொண்டார்.

இரு நாய்களையும் தொலைவிலிருந்து பார்த்தேன். நகரத்து நாய் பனிக்கட்டி போல் வெண்மையாக நின்றது. அம்பத்தூர் நாயும் வெண்மைதான். ஆனால் வெயில் பட்ட பக்கத்தில் அவ்வெண்மை வேறு ஏதோ சாயலைக் காட்டியது. கண் கூச்சமென்று நினைத்தேன். நகரத்து நாயின் தலையையும் பற்களையும் பார்த்துவிட்டு அம்பத்தூர் நாயிடம் வந்தேன். எலும்பு நன்று. தோள் மிக நன்று. பாதங்களில் மயிர் அடர்ந்திருந்தது. வளையத்தில் நடுவர் கேட்டாலொழிய யாரும் பேசுவதில்லை. அப்பெண்மணிக்கு அவ்வழக்கம் தெரியாது போலும்.

"ஏரிக்கரைல எவன் ஆடு மேஞ்சாலும் வளைச்சு ஓட்டிக்கினு வந்து எங்க ஊட்டு வாசல்ல நிறுத்திடும் சார். ஆட்டுக்காரன் தெனம் சண்டைக்கு வரான். நான் இன்னா பண்றது, அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, தானா செய்யிது."

விடை கூறுவது முறையன்று. முன்னங்கால் முட்டியைத் தொட்டபோது கை ஈரமானது. ஐஸ் கரைந்து கோணி நனைந்து, நாயின் அடிவயிறும் முட்டிகளும் நனைந்திருந்தன. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். கைக்குட்டை நீலமாயிற்று. குனிந்து பார்த்தேன். முட்டியிலும் விலாவின் கீழும் காதின் பின்புறத்திலும் நீலம் திட்டுத் திட்டாக ஒழுகியிருந்தது.

"இது என்ன, அம்மா?"

"நீலம் சார்" என்றார், கேட்கவும் வேண்டுமா என்பது போல. "சொட்டு நீலம். எங்க தண்ணி போர் தண்ணி. துணி எல்லாம் மஞ்ச பூத்துடும். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு அவரு போடற வெள்ளச் சட்டைக்குப் போடறது தான். நேத்து குளிப்பாட்டி, கடைசித் தண்ணில நாலு சொட்டு உட்டேன்."

நகரத்து நாயைப் பிடித்திருந்த தொழிலர் விடவில்லை. "பெயிண்டு சார் அது! பெயிண்டு அடிச்சுக்கினு வந்துருக்காங்க. ரூல்படி வெளிய அனுப்புங்க."

அப்பெண்மணி திரும்பினார். "யோவ், பெயிண்டு அடிக்க இது இன்னா இரும்புக் கேட்டா? நீலம்யா. உன் ஊட்ல உன் சட்டைக்குப் போடறதில்ல? பாத்தாலே தெரியிது, போடறதில்லன்னு."

கயிற்றோரம் சிரிப்பு எழுந்தது. கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கோணிப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விதியைச் சொன்னவர் சொன்னது சரி. ஒருவருக்குச் சொன்ன விதி மற்றவருக்கும் உண்டு. நான் நகரத்து நாயிடம் திரும்பிச் சென்று, அதன் பிடரியை உள்ளங்கையால் இருமுறை தட்டினேன். வெண்புழுதி எழுந்து என் கோட்டின் கையில் படிந்தது. சுண்ணப்பொடி. மயிரை வெளுப்பாகவும் விறைப்பாகவும் காட்டுவதற்கு அதைத் தேய்ப்பார்கள். வளையத்துக்கு வருமுன் சீவி உதறிவிட வேண்டும். இங்கே உதறவில்லை.

"இது எல்லா ஷோவுலயும் போடறது தான் சார்" என்றார் அவர்.

"போடுவது தெரியும். அதோடு வளையத்துக்குள் வருவது கூடாது."

"அடி சக்க!" என்றார் ஸ்டூவர்டு. "ரெண்டு பேருமே மேக்கப்பா?"

இரு நாய்களையும் விலக்கினேன். ஆண் சமோயெட்களுக்கான சான்றிதழ் அன்று எவருக்கும் வழங்கப்படவில்லை. முடிவை ஸ்டூவர்டு உரத்து அறிவித்தார். தொழிலர் நாயை இழுத்துக்கொண்டு முணுமுணுத்தவாறே வெளியேறினார்.

அப்பெண்மணி நகரவில்லை. "சர்ட்டிபிகேட் வேணாம் சார்" என்றார். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. "ரூல்னா ரூல். நாய் நல்ல நாயா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. இன்னிக்கு சர்ச்சுக்குக் கூட போவாம பாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்தோம்."

விலக்கப்பட்ட நாயைப் பற்றி நடுவர் கருத்துரைக்க வேண்டிய கடமை இல்லை. கூடாது என்றும் விதி சொல்லவில்லை. அடுத்த பிரிவுக்கு நேரம் இருந்தது. நாயை ஓட்டிக் காட்டும்படி கேட்டேன். அவர் முக்கோணமாக ஒரு சுற்று ஓடினார். நாய் அவரைவிட எளிதாக ஓடியது. முதுகு அசையவில்லை. பின்கால் உந்துதல் சீராக முன்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏரிக்கரை ஆடுகள் அதனிடமிருந்து தப்ப வழியில்லை என்பது விளங்கிற்று.

"உடலமைப்பிலும் ஓட்டத்திலும் இன்று வந்தவற்றுள் இதுவே முதல்" என்றேன். "இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், அம்மா. இவ்வினம் வெள்ளையாக இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பாலாடை நிறமும் பிஸ்கட் நிறமும் இவ்வினத்துக்கென நூலில் வகுத்த இலக்கணத்துக்கு உட்பட்டவையே. உங்கள் நாய் மஞ்சள் பூத்தாற்போல் இருந்தால் அதன் இயல்பே அதுவாக இருக்கலாம். தண்ணீரின் மேல் பழி போட வேண்டாம்."

அவர் நாயின் பிடரியைத் தடவினார். "போன ஷோவுல, டீத்தண்ணில முக்கி எடுத்தாப்புல கீதுன்னு நாலு பேரு சிரிச்சாங்க சார். அதுக்கோசரம் தான் இவ்ளோவும். அத முன்னாடியே யாராச்சும் சொல்லக் கூடாதா?"

"சிரித்தவர்கள் இலக்கணம் படித்திருக்க மாட்டார்கள்."

"நீங்க அன்னிக்கு வந்துருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாயோடு வெளியேறினார். கயிற்றைத் தாண்டியதும் கணவரிடம், "உன்னால தான்யா. கோணில படுக்க வைக்காதன்னு சொன்னேனா இல்லியா?" என்று தொடங்கியது காதில் விழுந்தது. கணவர், "படுக்க வைக்கலன்னா மூச்சு வாங்கி உழுந்துருக்கும். அதுக்கு நீலமா முக்கியம்?" என்றார்.

அவர் அம்பத்தூரில் ஏற்றுமதி ஆடைகள் தைக்கும் இடமொன்றில் பணிபுரிபவர் என்பதையும், கணவர் தொழிற்பேட்டையில் வேலை செய்தபோது அங்கு வந்திருந்த அயல்நாட்டுப் பொறியாளர் ஊர் திரும்புகையில் இந்நாயைக் குட்டியாக விட்டுச் சென்றார் என்பதையும் ஸ்டூவர்டு பின்னர் கூறினார். நடுவருக்கு அவையும் தேவையில்லாதவை.

கதை பரப்புவோர் நேரில் கண்டது இந்த நாளை மட்டுமே. பின்னர் வேறோரிடத்தில் கிடைத்த பட்டத்தை இதனோடு ஒட்டிவிடுகிறார்கள். பின்னொரு குளிர்காலத்தில் ஆவடியில் ஒரு காட்சி நடந்தது. அங்கு நான் அல்சேஷன் நாய்களுக்கு நடுவர். சமோயெட்களுக்கு வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருடைய வளையத்தை நான் முழுவதும் பார்க்கவில்லை. என் வேலை முடிந்து போனபோது அங்கே கயிற்றைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. நடுவில் அப்பெண்மணியும் நாயும். நாயின் காதுகளும் முதுகும் தெளிவான பிஸ்கட் நிறம். மற்ற இடங்கள் பாலாடை. கழுத்தில் முதலிடத்து நாடா.

ஒருவன் கேட்டான்: "இன்னாக்கா, நாயக் குளிப்பாட்டாமலே கூட்டிக்கினு வந்துட்டியா? அதுக்கே பர்ஸ்டு குடுத்துட்டாங்களே!"

"குளிப்பாட்டி தான்டா கூட்டிக்கினு வந்தேன். வெறும் தண்ணில. இதான் இதோட கலரு. புக்குல கீது. நம்பலன்னா, தோ நிக்கிறாரே, அந்த சாரக் கேளு."

கூட்டம் என்னைப் பார்த்தது. ஆமென்று தலையசைத்தேன். நான் அருகில் சென்று, நடுவர் என்ன கூறினார் என்று கேட்டேன்.

"அவரு எல்லாம் இங்கிலீசுல சொன்னாரு சார், ஒண்ணும் புரியல. கைய எடுத்துத் தேச்சுத் தேச்சுப் பாத்தாரு. ஒண்ணும் ஒட்டல. கை குடுத்தாரு. அதுக்கப்புறம் இவருதான் அழுதுட்டாரு" என்று கணவரைக் காட்டினார். "கண்ல தூசு" என்றார் கணவர்.

அம்மூன்றாம் சான்றிதழோடு நாய் சாம்பியன் ஆயிற்று. நீலத்தோடு வந்த நாளில் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்த நாளில் அதன்மேல் ஒன்றும் இல்லை. முதற் காட்சியைக் கண்டவர்களுள் பலர் இரண்டாவதற்கு வரவில்லை. ஆவடி முடிவைப் பிறகு கேள்விப்பட்டு, தாம் அம்பத்தூரில் கண்டதோடு அதைச் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள் என்று கருதுகிறேன். அக்குடும்பத்தார் அதன்பின் காட்சிகளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

என் நினைவில் ஐயமுள்ள இடங்கள் சில உண்டு. இரு காட்சிகளுக்கும் இடையே கழிந்தது ஓராண்டா, இரண்டா என்பது உறுதியில்லை. ஆவடியில் நகரத்து நாய் கலந்துகொண்டதா, கலந்துகொண்டிருப்பின் என்ன இடம் பெற்றது என்பதும் எனக்குத் தெரியாது. அவ்வளையத்தை நேரில் கண்டோர் இருப்பின் தாம் கண்டதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். நான் பிழையாக எழுதியிருப்பின் தயங்காமல் திருத்துக. அப்பெண்மணியோ அவர் கணவரோ இதனைப் படிக்க நேர்ந்து, எதையேனும் மறுப்பார்களாயின், என் சொல்லைத் தள்ளி அவர்கள் சொல்லையே கொள்க.