ஓட்டெடுப்பு முடியட்டும்

ஒரு நாட்டின் அதிபரைப் பதவியிலிருந்து எப்படி இறக்குவார்கள் என்பதை மாமா எங்களுக்குச் சின்ன வெங்காயத்தை வைத்துத்தான் விளக்கினார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயமுத்தூர் கணபதியில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கா குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமா அவளுடைய முறத்திலிருந்து ஒரு கை அள்ளி, மேசைமேல் இரண்டு குவியலாகப் பிரித்தார். இது கீழவை, இது மேலவை என்றார். கீழவையில் பாதிக்கு மேல் சம்மதித்தால் அதிபர் மீது குற்றச்சாட்டு நிற்கும். அதற்குப் பிறகு மேலவையில் விசாரணை. அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வெங்காயத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி, யார் எந்தப் பக்கம் சாய்வார்கள், யார் இன்னும் வாய் திறக்கவில்லை என்று நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல் சொல்லிக்கொண்டே போனார். அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, "அவனை எறக்கிப்போட்டா குண்டு போடறது நின்னு போயிருங்களா?" என்றாள். "ஆர்டர் போடறவனே போயிட்டா அப்பறம் ஆரு போடுவா?" என்றார் மாமா. "அடுத்து வாரவன் போட மாட்டானுங்களா?" என்று கேட்டபடியே அவள் இரண்டு அவைகளையும் வழித்து முறத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாமா என் அக்காவின் கணவர். கோயமுத்தூர் நீதிமன்றத்தில் சிவில் வக்கீல். தோட்டத்துப் பங்குப் பிரச்சினை, மில் குடும்பங்களின் பாகப்பிரிவினை, வண்டித்தட வழக்கு என்று இந்தப் பக்கத்துச் சண்டைகளிலேயே தலை நரைத்தவர். எவ்வளவு பெரிய சண்டைக்கும் ஒரு சட்டப் பிரிவு உண்டு, அந்தப் பிரிவைச் சரியாகப் பிடித்தால் சண்டை முடிந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் அளவுக்கு உலகச் செய்தி தெரியாது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு லேத்தில் உதிரிபாகம் கடைகிற சின்னப் பட்டறை வைத்திருக்கிற எனக்கு, வேறொரு நாட்டு அதிபரின் பெயர் தெரிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு ஒரே மகன். மரைன் இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவன். அவனுடைய கப்பல் ஒரு சின்ன நாட்டின் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துப் பெரிய நாடு அந்தச் சின்ன நாட்டின் மீது போர் தொடுத்தது. துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளைப் போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளே நின்ற கப்பல்கள் அப்படியே நின்றன. இரண்டு நாடுகளின் பெயரையும் எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் படிப்பவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். பையன் எந்தப் பக்கமும் இல்லை. அவன் இன்ஜின் ரூமில் இருந்தான்.

போரைத் தொடங்கிய அதிபருக்கு அவருடைய நாட்டிலேயே எதிர்ப்பு கிளம்பியபோது மாமாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதுவரை அவர் செய்தி பார்ப்பது காய்ச்சல்காரன் கஞ்சி குடிப்பதுபோல் இருக்கும். பதவி நீக்கத் தீர்மானம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் கையில் ஒரு வழக்கு கிடைத்துவிட்டது. அந்த நாட்டின் அரசியல் சாசனத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துப் படித்தார். கோர்ட்டு கேன்டீனில் ஜூனியர்களைக் கூட்டி வைத்து விளக்கினார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு இதில் அனுபவம் இருந்தது. எங்கள் பகுதியில் வீட்டுமனைச் சங்கம் ஒன்றில், பூங்காவுக்கு விட்ட இடத்தைக் கடை கட்ட விற்கப் பார்த்த தலைவரை, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்து இறக்கியவரே அவர்தான். அன்றைக்கு அவருக்கு மாலை போட்டார்கள். அந்தத் தலைவர் போனார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பூங்கா இடத்தில் கடைகள் வந்துவிட்டன, புதுத் தலைவர் காலத்தில். மாமா அந்த வழியாகப் போவதே இல்லை என்பதால் அது அவருக்கு நினைவில் இல்லை. எனக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

தீர்மானம் கீழவையில் நிறைவேறிய சில நாட்களில் பையன் கூப்பிட்டான். மாலை நேரம். நான் பட்டறையிலிருந்து வரும் வழியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா போனை எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வைத்தார். நம் தூதரகம் தரைவழியாக எல்லை வரை பஸ் விடுகிறது, கப்பலில் பாதிப் பேர் கிளம்புகிறார்கள், கப்பலைப் பார்த்துக்கொள்ளச் சிலர் மட்டும் இருந்தால் போதும் என்று கேப்டன் சொல்லிவிட்டார், இதுதான் விஷயம். "பஸ்ஸுல எனக்கும் இடம் இருக்குதுங்கப்பா. வந்தரட்டுங்களா?" என்று கேட்டான். குரலில் பயம் இல்லை. லீவுக்கு வரலாமா என்று கேட்பதுபோல்தான் கேட்டான். மாமா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். முந்தின வாரம் அதே சாலையில் ஒரு பஸ் மீது குண்டு விழுந்திருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கொஞ்சம் பொறு கண்ணு," என்றார். "அந்த ரோட்டை நம்ப முடியாது. அவங்க மேல்சபைல ஓட்டெடுப்பு வருது. அது முடியட்டும். அவன் எறங்குனான்னா ஹார்பரையே தெறந்து உட்டுருவாங்க. கப்பலோடவே வந்தரலாம்."

"சரிங்கப்பா," என்றான் பையன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அக்கா, சாப்பிட்டாயா, அங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ள இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். பஸ்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். பவானிக்காரப் பையன் ஒருவனும் அதில் இருந்தான். வந்ததும் அக்கா வீட்டுக்கு வந்து, எங்கள் பையன் கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே அக்காவுக்கு ஒரு கம்பளிச் சால்வை.

மேலவை ஓட்டெடுப்பு முடிந்த செய்தி எங்களுக்குக் காலை காப்பி நேரத்தில் வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அதிபர் போய்விட்டார். மாமா எனக்குப் போன் செய்தார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோர்ட்டுக்குப் போகும் வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய் நீதிபதியின் அலுவலகம் வரைக்கும் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "பையன் வாரான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று மாலை துணை அதிபராக இருந்தவர் அதிபராகப் பதவி ஏற்றார். நாங்கள் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாட்டின் சட்டம் வென்றது என்று அவர் பேச்சைத் தொடங்கினார். மாமா தலையை ஆட்டினார். அடுத்து, எல்லையில் நிற்கும் நம் வீரர்களை நான் கைவிட மாட்டேன், போர் முன்னைவிட உறுதியாக நடக்கும் என்றார். அவையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மாமா டிவியை அணைக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து எனக்கு ஒரு விஷயத்தை விளக்கினார். அவர் அப்படி எனக்கு எதையாவது விளக்கியது அதுதான் கடைசி. அந்தக் குற்றச்சாட்டை அவர் ஆரம்பத்திலேயே வரி வரியாகப் படித்திருந்தார். அதில் போர் தவறு என்று ஓரிடத்திலும் இல்லை. சபையின் அனுமதி வாங்காமல் போரைத் தொடங்கினார் என்பதுதான் குற்றம். "படிச்சேன். படிச்சும் எனக்கு உறைக்கலை," என்றார். அடுத்த வாரம் புது அதிபர் முறைப்படி அனுமதி கேட்டார். பழைய அதிபரை இறக்கிய அதே கைகள் உயர்ந்து அனுமதி கொடுத்தன. இப்போது அந்தப் போரில் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஒருவரின் பிடிவாதமாக இருந்தது ஒரு நாட்டின் தீர்மானமாகிவிட்டது. புதிதாக வந்தவர் தான் கோழை இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. இந்தப் பக்கச் சின்ன நாட்டுக்காரர்களுக்கும் அதற்குள் நிறுத்த முடியாத அளவுக்குப் பிணங்கள் விழுந்திருந்தன. குண்டுகள் செய்கிற தொழிற்சாலைகள் இரண்டு ஷிப்ட் ஓடின. இவ்வளவையும் ஒரு மனிதனின் தலையில் ஏற்றி வைத்து, அந்தத் தலை போனால் எல்லாம் போய்விடும் என்று நினைத்திருந்தோம்.

டிவியில் அந்தப் பேச்சைக் கேட்ட மறுநாளே மாமா பையனைக் கிளம்பச் சொன்னார். தூதரகத்தில் கேட்டு, ஏஜென்ட்டைக் கேட்டு, டெல்லியில் தெரிந்தவர்களைப் பிடித்து, அடுத்த பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தார். பஸ் எப்போது என்று சொல்வதாகச் சொன்னார்கள். அது வருவதற்குள் துறைமுகத்தின் மேல் ட்ரோன்கள் வந்துவிட்டன. ஏஜென்ட் மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தார். மாமா என் பட்டறைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். மெஷின் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைவதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இன்ஜின் ரூமில் தீ. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் வந்திருந்தார். நாங்கள் இருவரும் போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நாங்கள் சேர்ந்து வந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூடிய பெட்டியில்தான் பையன் வந்தான். திறக்க வேண்டாம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். சாம்பலை பவானி கூடுதுறையில் கரைத்தோம். படியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்த மாமா, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஒரு வார்த்தை திட்டிப்போடு அம்மணி," என்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அதை அவர் பொருட்படுத்தவில்லை. அக்கா அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்தாள். "திட்டுனா வந்தர்றானுங்களா?" என்றாள். கோபத்தில் கேட்டதுபோல் இல்லை. தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். இன்றுவரை அவள் அந்த பஸ்ஸைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் மாமா கொஞ்சம் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதன் பிறகு மாமா கோர்ட்டுக்குப் போகவில்லை. கையிலிருந்த வழக்குகளை ஜூனியர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டார். முன்பெல்லாம் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே அவர் குரல் கேட்கும். யாருக்காவது எதையாவது விளக்கிக்கொண்டிருப்பார். இப்போது போனால் மிக்ஸி சத்தம் கேட்கிறது, தெருவில் போகிற வண்டிச் சத்தம் கேட்கிறது. போர் நின்றபாடில்லை. செய்தியில் அது பின்பக்கம் போய்விட்டது. துறைமுகத்தின் பெயரைச் சொன்னால் இங்கே இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. புது அதிபர் மீதும் ஊழல் புகார் வந்து, அவரையும் இறக்க வேண்டும் என்று அந்த நாட்டில் கூட்டம் போடுகிறார்கள்.

போன மாதம் ஆனைமலையிலிருந்து ஒரு அம்மா மாமாவைத் தேடி வந்தார். நான் அங்கே இருந்தேன். நடுவயது. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பொள்ளாச்சி வக்கீல் ஒருவர் அனுப்பியதாகச் சொன்னார். அவருடைய மகன் அந்தச் சின்ன நாட்டில் மருத்துவம் படிக்கிறான். எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மாமாவுக்கு அந்தப் பெரிய நாட்டுச் சட்டமெல்லாம் அத்துப்படி என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இவனையும் எறக்கப் போறாங்கன்னு டிவில சொல்றாங்களேங்க. எறக்கிப்போட்டா சண்டை நின்னு போயிருங்களா வக்கீலையா?" என்று கேட்டார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் பழையபடி உயர்ந்தது. "ஓட்டெடுப்பையெல்லாம் பாத்துட்டு இருக்காதீங்க. பையனை இன்னைக்கே கெளம்பி வரச் சொல்லுங்க. எந்த ரோடா இருந்தாலுஞ் சரி, என்ன ஆபத்தா இருந்தாலுஞ் சரி. இப்பவே போனைப் போடுங்க."

அந்த அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். "பஸ்ஸெல்லாம் நிறுத்திப்போட்டாங்களாமுங்க. பார்டரையும் மூடிட்டாங்க. எம்பஸிக்காரங்க போனே எடுக்கறதில்லீங்க. இனி அவனை எறக்குனாத்தான் வழின்னு சொல்றாங்க. அதானுங்க, நின்னு போகும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

அடுப்படியிலிருந்து வந்த அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நின்னு போயிருமுங்க," என்றார் மாமா.

அந்த அம்மாவை நான் காந்திபுரம் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். வழி நெடுக, வண்டியின் பின்னால் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் மகனுக்கா எனக்கா என்று எனக்குத் தெரியாதபடி, "வக்கீலையாவே சொல்லிட்டாருங்க, வக்கீலையாவே சொல்லிட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.