சொல்லாமல் கிளம்பிய வீடு

மகளுடைய தோழியின் அம்மா தவறிவிட்டார். கோபாலபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் சொன்னேன்: "கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லிடாதே. துக்க வீட்ல சொல்லக் கூடாது." அவள் அப்படியே செய்தாள். அழுதுகொண்டிருந்த தோழியின் கையை விட்டுவிட்டு, பேசாமல் என்னோடு வந்துவிட்டாள்.

பள்ளிக்குத் திரும்பிய தோழி வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாளாம். இவள் காரணம் கேட்டதற்கு, "நீதான் சொல்லாம கொள்ளாம ஓடிட்டியே" என்றாளாம்.

"எல்லாம் உன்னாலதாம்மா" என்று மகள் என்னிடம் வெடித்தாள். தோழியின் அப்பாவுக்கு ஃபோன் செய்து விளக்கலாமா? மனைவியை இழந்தவரிடம் போய் இதையா பேசுவது? சோறு வடிக்கும்போதும் இதே யோசனைதான்.

ஞாயிற்றுக்கிழமை, "அவ வீட்ல விடும்மா" என்று மகளே கேட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. பிறகு மகள் வெளியே வந்து செருப்பை மாட்டினாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன்டி!" என்று கத்தினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"எப்ப வருவ, எருமை?"