அக்காவுக்குப் பல் கட்டிய கதை

அக்காவின் இரண்டு முன்பற்களை உடைத்தது தெலுங்கர்கள் எறிந்த கல் என்று எங்கள் அப்பா, நைனா, நகரி ஊர் முழுவதும் சொல்லியிருந்தார். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட பிறகும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.

நகரியும் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலை மறித்த நாள் அது. திருப்பதியில் படித்துக்கொண்டிருந்த அக்கா அந்த ரயிலில்தான் வந்தாள். ஜன்னல் வழியாக வந்த கல் அவள் வாயில் பட்டது. எனக்கு எட்டு வயது. எங்கள் பால்காரி வீட்டில் தெலுங்கு பேசுவாள் என்ற ஒரே குற்றத்துக்காக அவள் ஊற்றிய பாலைக் குடிக்க மறுத்தேன். நைனா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னார்.

அக்கா யாரோடும் பேசவில்லை. மறியலில் முன்னால் நின்ற சித்தப்பா தினமும் அவளுக்கு இளநீர் வாங்கி வருவார். அதை அவள் அப்படியே முற்றத்தில் கொட்டிவிடுவாள். சித்தப்பா என்றால் எனக்கு உயிர். அக்காவின் திமிரைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வரும்.

புத்தூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நைனா அவளைத் திருப்பதிக்குப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன். இனித் தெலுங்கே பேசுவதில்லை என்று சபதம் செய்திருந்தவர், டாக்டர் முன் கைகட்டி நின்று தெலுங்கில் கெஞ்சினார்.

தையல் மிஷின் போலக் காலால் மிதிக்கும் எந்திரம் ஒன்றை வைத்து டாக்டர் அக்காவின் நல்ல பற்களை அராவத் தொடங்கினார். கண்ணீர் அவள் காதுவரை வழிந்தது.

“நல்ல பல்ல இன்னாத்துக்கு அராவுற? அது இன்னா பண்ணுச்சி?” என்று கத்தினேன்.

“பக்கத்துப் பல்லுதான் பாப்பா புதுப் பல்லத் தாங்கணும். அராவலன்னா பிரிட்ஜ் நிக்காது” என்றார் அவர், தெரிந்த தமிழில்.

அடுத்த முறை போனபோது, இரண்டு புதுப் பற்களைக் கோத்த அந்த பிரிட்ஜைப் பொருத்தினார். அக்கா கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

திரும்பும் ரயிலில் நைனாவுக்கு ஒரே சந்தோஷம். “மகாலட்சுமி மாதிரி கீற. அவனுங்க அடிச்சதே தெரியல.”

“எவனுங்க நைனா?” என்றாள் அக்கா.

“தெலுங்கனுங்கதான்.”

“கல்லு வர்றதுக்கு முன்ன ‘அட்றா’ன்னு ஒரு கொரலு வந்திச்சி. திரும்பிப் பாத்தேன். சித்தப்பா கையில கல்லோட நின்னுக்கினு இருந்தாரு.”

“வாய மூடு.”

“வாய மூடிக்கினு இருக்கத்தான் பல்லு கட்டிக் குடுத்தியா?”

பெட்டியே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் அக்காவின் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். நைனா அவளை அறையப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்டார்.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

இல்லை என்று அவள் தலையாட்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பாவைப் பற்றி இவ்வளவு பெரிய பொய் சொன்னவளைத் திட்டாமல் விட்டாரே என்று ஊர் வந்து சேரும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவள் சொன்ன எதுவும் நைனாவுக்குப் புதிதில்லை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.