மீன் வெட்டத் தெரிந்தவன் தெரிந்தெடுத்த ஒப்பரேசன்

நான் ஏறினால் படகு ஒரு பக்கம் சாய்கிறது என்று கூட்டாளிகள் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டார்கள். நடந்தால் எனக்கு நோவு, இருந்தால் கதிரைக்கு நோவு. உடம்பைக் குறைக்க ஒப்பரேசன் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, எங்கள் ஊர் தோட்டவெளியிலிருந்து மனைவியோடு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன்.

இரண்டு வகை இருக்கிறது என்றார் டொக்டர். ஒன்றில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பார்கள். மற்றதில் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு மாற்றிப் பொருத்துவார்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். ஆனால் மீன் வெட்டத் தெரியும். குடலில் கத்தி பட்டால் மீனே நாசம்.

"குடலைத் தொடாதேங்கோ டொக்டர். பையை மட்டும் வெட்டுங்கோ," என்றேன்.

"நெஞ்செரிவு இருக்கோ?"

ஓம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்து, "இல்லை" என்றேன்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பொய் டொக்டர்! நெஞ்சைத் தடவித் தடவி கதிரையில இருந்துதான் நித்திரை கொள்ளுறார்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். பையை மட்டும் வெட்டினால் அந்த எரிவு இன்னும் கூடலாம், உங்களுக்கு மற்றதுதான் பொருந்தும்போல, எதற்கும் முதலில் வாய்வழியாக இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். அதற்கு இன்னொரு நாள், இன்னொரு பஸ். எனக்கு வந்த எரிச்சலில் நெஞ்செரிவே மறந்துபோனது.

ஒப்பரேசன் இன்னும் நடக்கவில்லை, நான் கரையில்தான் நிற்கிறேன். மீனிடம் யாரும் கேட்டுவிட்டு வெட்டுவதில்லை. என்னிடம் கேட்டார்கள், நான்தான் மறைத்தேன். இப்போது டொக்டர் எது கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறேன். பக்கத்தில் மனைவியையும் இருத்திக்கொள்கிறேன்.